உடன்படிக்கைக் காணிக்கை கட்டாவிட்டால் சாபம் வருமா?

கேள்வி: ஐயா, டிவியில் வரும் ஒரு ஊழியத்துக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ‘உடன்படிக்கைக் காணிக்கை’ தருவதாக ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். லோடு ஆட்டோ ஓட்டும் என் வீட்டுக்காரருக்கு விபத்தில் கால் முறிந்து இப்போது வருமானம் இல்லை. தேவனோடு பண்ணின உடன்படிக்கையை மீறினால் குடும்பத்துக்குச் சாபம் என்று போன் செய்து, தேவனுக்குப் பொருத்தனை (நேர்ந்துகொண்ட வாக்கு) பண்ணினால் அதைச் செலுத்தத் தாமதிக்காதே என்கிற பிரசங்கி 5:4-ஐயும் வாசித்துக் காட்டுகிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிடவா? தேவனுடைய ராஜ்யத்தில் என் பங்கு போய்விடுமோ என்று தூக்கம் வரவில்லை.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: சகோதரி, முதலில் அந்த நகையை எடுத்த இடத்திலேயே வைத்துப் பூட்டுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

உடன்படிக்கை என்றால் என்ன என்று தெரிய ஆதியாகமம் 15-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஆபிராமுக்கு (பிற்பாடு ஆபிரகாம்) சந்ததியையும் தேசத்தையும் தேவன் வாக்குப்பண்ணுகிற அதிகாரம் அது. மூன்று வயதுக் கிடாரி, வெள்ளாடு, ஆட்டுக்கடா என்று கொண்டுவந்து ஆபிராம் அவற்றை நடுவே பிளந்து எதிரெதிராக வைக்கிறான், கழுகு மாதிரிப் பறவைகள் வந்து இறங்கும்போது துரத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அந்தக் காலத்து வழக்கப்படி உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே நடக்க வேண்டும், ‘மீறினால் இந்த மிருகத்துக்கு நடந்தது எனக்கும் நடக்கட்டும்’ என்று பொருள். (சிதேக்கியா ராஜா காலத்தில் எருசலேமின் பெரிய மனிதர்கள் இப்படி நடந்து, அடிமைகளை விடுதலை செய்து, பிறகு அவர்களையே திரும்பப் பிடித்து வந்த கதை எரேமியா 34-ல் இருக்கிறது, அதையும் பாருங்கள்.) ஆனால் ஆபிராம் நடக்கவே இல்லை! சூரியன் சாயும்போது அயர்ந்த நித்திரை வந்துவிடுகிறது. புகைகிற சூளையும் அக்கினி ஜுவாலையும் மட்டும் துண்டங்களின் நடுவே கடந்துபோகின்றன. அதாவது தேவன் தனியாக நடக்கிறார், மீறினால் வரும் கேட்டையும் தம்மேலேயே போட்டுக்கொள்கிறார், மனிதனிடம் ஒரு கையெழுத்துகூட வாங்கவில்லை.

சீனாய் மலையில் மோசே மூலம் கொடுத்த நியாயப்பிரமாணத்தில் நிபந்தனைகள் உண்டே, உபாகமம் 28-ல் சாபங்கள் வரிசையாக இருக்கின்றனவே என்று போனில் கேட்பார்கள். இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 430 வருஷத்துக்குப் பின்பு வந்த நியாயப்பிரமாணம், ஆபிரகாமுக்குக் கொடுத்த முந்தின வாக்குத்தத்தத்தைத் தள்ளிவிடாது என்று பவுல் கலாத்தியர் 3-ல் எழுதுகிறார். அந்தச் சாபத்துக்குக் கிறிஸ்து நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார் என்பதும் அதே அதிகாரம்தான். போனில் பேசுகிறவர்கள் அந்தப் பக்கத்தை ஏன் புரட்டுவதில்லையோ!

ராஜ்யத்தில் பங்கு போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். லூக்கா 22-ஐ எடுங்கள். பஸ்கா பந்தியில் பாத்திரத்தைக் கொடுத்து, இது என் இரத்தத்தினாலாகிய புதிய உடன்படிக்கை என்கிறார் இயேசு. அது முடிந்த கையோடு சீஷர்கள் யார் பெரியவன் என்று சண்டை போடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களிடம்தான், என் பிதா எனக்கு ஒரு ராஜ்யத்தை ஏற்படுத்தினதுபோல நானும் உங்களுக்கு ஏற்படுத்துகிறேன் என்று சொல்கிறார். சேவல் கூவுமுன் என்னைத் தெரியாது என்று மூன்றுதரம் மறுதலிப்பாய் என்று அந்தச் சீஷர்களில் ஒருவனான பேதுருவிடம் சொன்னதும் அதே இரவில். அவன் மறுதலிப்பான் என்று தெரிந்தேதான் ராஜ்யத்தைக் கொடுத்தார். மூன்று தரம் மறுதலித்தவனுக்கே போகாத பங்கு, தவணை கட்ட முடியாத உங்களுக்கா போய்விடும்?

சரி, பிரசங்கி 5:4 என்ன ஆவது? அது பொருத்தனையைப் பற்றிய வசனம், லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். ஆனால் பொருத்தனை பண்ணினவன் செலுத்த முடியாத தரித்திரனாக இருந்தால் ஆசாரியன் அவனுடைய திராணிக்கேற்றபடி தொகையை மதிப்பிட வேண்டும் என்று லேவியராகமம் 27:8 சொல்கிறது. நியாயப்பிரமாணத்திலேயே இவ்வளவு இரக்கம் இருக்கிறது. அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை ‘கொர்பான்’, அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லி மடக்கியவர்களை இயேசு மாற்கு 7-ல் எப்படிக் கண்டித்தார் என்றும் பாருங்கள். வீட்டில் கால் முறிந்து படுத்திருக்கிறவருடைய மருந்துச் செலவை எடுத்து அனுப்பச் சொல்கிறவர்களுக்கு அந்தப் பகுதி நன்றாகப் பொருந்தும்.

நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பேங்கில் ஆட்டோ டெபிட் போட்டிருந்தால் நிறுத்துங்கள். அடுத்த போன் வரும்போது, “இப்போது முடியாது, இனி அழைக்க வேண்டாம்” என்று சொல்லி வைத்துவிடுங்கள், விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் பேச்சு நீண்டுகொண்டே போகும். உங்கள் சபைப் போதகரிடம் வீட்டு நிலைமையைச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கை) பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் வைக்கச் சொன்ன வேதம் இது (உபாகமம் 14), கஷ்டத்தில் இருக்கிற குடும்பத்தைத் தாங்குவது சபையின் கடமை. விபத்துக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா என்றும் விசாரிக்கச் சொல்லுங்கள்.