துண்டு துண்டாகத் தூங்குவது பற்றி: கேள்வி பதில்

பகலில் நாலைந்து முறை கண்ணயர்ந்து எழுந்து, இரவுத் தூக்கத்தைச் சுருக்கிக்கொள்ளும் பழக்கம் பற்றிக் கேள்விகள் குவிந்துவிட்டன. நான் மருத்துவர் இல்லை. இந்த முறைகளில் இரண்டை என் உடம்பிலேயே செய்து பார்த்தவள்: யூபர்மேன் 11 நாள், எவ்ரிமேன் 5 மாதம். அதன் பிறகு ஆறு வருடமாகத் தூக்க ஆய்வுகளைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, யூபர்மேன், எவ்ரிமேன், டைமாக்ஸியன் என்று பேர் பேராகச் சொல்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா?

கணக்கு வேறு வேறு. யூபர்மேன் என்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு முறை 20 நிமிடம். நாளுக்கு 6 முறை, மொத்தம் 2 மணி நேரம். டைமாக்ஸியனில் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை அரை மணி. அதுவும் மொத்தம் 2 மணி நேரம்தான். அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் இப்படித் தூங்கியதாக 1943இல் டைம் பத்திரிகை எழுதியது. எவ்ரிமேனில் இரவு மூன்று, மூன்றரை மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிவிட்டு, பகலில் 20 நிமிடம் வீதம் மூன்று முறை படுக்க வேண்டும்.

இருகட்டத் தூக்கம் என்று இன்னொன்று உண்டு. இரவில் 6 மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்கி, மதியம் ஒரு முறை படுப்பது. இதையும் மற்றவற்றோடு ஒரே கூடையில் போடுவதால்தான் குழப்பம் வருகிறது. இதில் தூக்கம் பங்கு பிரிக்கப்படுகிறது. மற்ற மூன்றிலும் வெட்டப்படுகிறது. தூக்கத்தைப் பிரித்தால் உடம்பு பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். வெட்டினால் ஒத்துக்கொள்ளாது. கீழே வரும் பதில்களில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

கேள்வி: யூபர்மேனில் இன்று ஐந்தாம் நாள். மதியம் 20 நிமிடத்துக்கு அலாரம் வைத்துப் படுத்தேன், கேட்கவே இல்லை. மூன்று மணி நேரம் போய்விட்டது. மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. தொடங்கவே வேண்டாம், இன்றிரவே நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் அதைத் தோல்வி என்று நினைக்கிறீர்கள். உங்கள் மூளை தன்னைக் காப்பாற்றிக்கொண்டது, அவ்வளவுதான். விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் தூக்கத்தை வரவழைக்கும் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்துகொண்டே போகிறது, தூங்கும்போது கரைகிறது. 20 நிமிடத் தூக்கம் அதில் கொஞ்சத்தைத்தான் கரைக்கும். மிச்சம் நாளுக்கு நாள் ஏறி, ஒரு கட்டத்தில் அலாரம் அடித்தாலும் காதில் விழாத அளவுக்கு ஆழ்ந்த தூக்கம் அமுக்கிவிடும்.

எனக்கு அது ஒன்பதாம் நாள் நடந்தது. எழுந்தபோது அறையின் அந்தக் கோடியில் வைத்திருந்த அலாரம் என் தலையணைக்குக் கீழே இருந்தது. எழுந்து நடந்து போய், அதை அணைத்து, எடுத்து வந்து, மறுபடி படுத்திருக்கிறேன். ஒன்றும் நினைவில் இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் பிடிவாதமாகத் தொடர்ந்தேன். அந்த இரண்டு நாட்களில் வண்டி ஓட்டவில்லை என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

கேள்வி: மூன்று நான்கு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டால் மூளை பழகி, படுத்த உடனே ரெம் தூக்கத்துக்குப் போய்விடும் என்கிறார்களே?

இதில் கால்வாசி உண்மை. கனவுகள் வரும் ரெம் தூக்கம், பெரியவர்களுக்குச் சாதாரணமாகத் தூங்கி ஒன்றரை மணி நேரம் ஆன பிறகுதான் தலைகாட்டும். தூக்கம் பறிபோனவர்களுக்கும், தாறுமாறான நேரத்தில் படுப்பவர்களுக்கும் அது சீக்கிரமே வந்துவிடலாம். 1975இல் மேரி கார்ஸ்கடானும் வில்லியம் டிமென்ட்டும் 30 நிமிடத் தூக்கம், 60 நிமிட விழிப்பு என்று 90 நிமிட 'நாள்' ஒன்றை உருவாக்கிப் பார்த்தபோதே இது தெரிந்தது. ஆனால் ரெம் சீக்கிரம் வந்தால் பழகிவிட்டது என்று பொருள் இல்லை. பசியில் கிடப்பவன் வேகமாகச் சாப்பிடுவதைப் பார்த்து, அவனுக்குப் பட்டினி பழகிவிட்டது என்று சொல்வோமா?

அதோடு ரெம் மட்டும் போதாது. இரவின் முதல் பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரக்கிறது. இருபது நிமிடத்தில் பெரும்பாலும் மேலோட்டமான தூக்கம்தான் கிடைக்கும். 2021இல் அமெரிக்காவின் நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் கூட்டிய நிபுணர் குழு இருக்கிற ஆய்வுகளையெல்லாம் அலசியது. இந்த முறைகளால் நன்மை என்பதற்கு ஆதாரம் இல்லை, தூக்கக் குறைவால் வரும் பாதிப்புகளுக்கு உண்டு என்றது அந்தக் குழு.

கேள்வி: நான் எவ்ரிமேனில் நான்காவது வாரம். சோர்வே இல்லை, தெளிவாக இருக்கிறேன். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதா?

கோபித்துக்கொள்ளாமல் படியுங்கள். எனக்கும் நான்காவது வாரம் அப்படித்தான் இருந்தது.

2003இல் ஹான்ஸ் வான் டோங்கனும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான பெரியவர்களைப் பிரித்து, 14 நாள் சிலரை 4 மணி நேரம், சிலரை 6 மணி நேரம், சிலரை 8 மணி நேரம் படுக்கவிட்டார்கள். குறைவாகத் தூங்கிய இரு பிரிவினருக்கும் கவனம் நாளுக்கு நாள் சரிந்தது. ஆறு மணி நேரக்காரர்கள்கூட, இரண்டு வாரத்தில், ஓர் இரவு முழுக்க ஒரு பொட்டும் தூங்காமல் விழித்திருந்தவர்களின் நிலைக்கு இறங்கிவிட்டார்கள். அதைவிட முக்கியமானது இது: தூக்கம் வருகிறதா என்று கேட்டால் அவர்களுடைய பதில் முதல் சில நாட்களுக்குப் பிறகு பெரிதாக மாறவில்லை. திறன் இறங்கிக்கொண்டே போக, 'பரவாயில்லை' என்ற உணர்வு மட்டும் அப்படியே நின்றது. தூக்கம் குறைந்தால் அதை அளந்து பார்க்கும் கருவியும் சேர்ந்தே மழுங்கிவிடுகிறது.

அதனால் உணர்வை நம்பாமல் எண்ணை நம்புங்கள். திரையில் ஒளி தோன்றியதும் தட்ட வேண்டிய எதிர்வினைச் சோதனை செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தினமும் ஒரே நேரத்தில், குறைந்தது 5 நிமிடம் செய்யுங்கள். சராசரியைவிட, எத்தனை முறை அரை நொடிக்கு மேல் தாமதித்தீர்கள் என்பதைப் பாருங்கள். அது கூடிக்கொண்டே போனால் நீங்கள் பழகவில்லை. வண்டி ஓட்டுபவராக இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு: 60 கிலோமீட்டர் வேகத்தில் 3 நொடி கண் சொக்கினால் வண்டி 50 மீட்டர் ஆளில்லாமல் ஓடியிருக்கும்.

கேள்வி: டா வின்சி, டெஸ்லா எல்லோரும் இப்படித்தானே தூங்கினார்கள்?

டா வின்சி இப்படித் தூங்கினார் என்பதற்கு நம்பத் தகுந்த சான்று கிடையாது. டெஸ்லா மிகக் குறைவாகத் தூங்குவதாகச் சொல்லிக்கொண்டார். அது அட்டவணை போட்ட தூக்கம் இல்லை. உண்மையில் துண்டு துண்டாகத் தூங்குகிறவர்கள் தனியாகப் பாய்மரப் படகு ஓட்டிக் கடல் கடக்கும் போட்டியாளர்கள். கிளாடியோ ஸ்டாம்பி அவர்களை ஆராய்ந்தவர். படகைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் அவர்கள் அப்படித் தூங்குகிறார்கள். போட்டி முடிந்தால் வழக்கமான தூக்கத்துக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கேள்வி: அந்தக் காலத்தில் மனிதர்கள் இரவில் இரண்டு முறையாகத் தூங்கினார்கள் என்று படித்தேன். அப்படியானால் துண்டாகத் தூங்குவதுதானே இயற்கை?

ரோஜர் எகிர்க் என்ற வரலாற்றாசிரியர் தொழில்யுகத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் ஆவணங்களில் 'முதல் தூக்கம்', 'இரண்டாம் தூக்கம்' என்ற பேச்சு நிறைய இருப்பதைக் காட்டினார். தாமஸ் வேர் 1992இல் வெளியிட்ட ஆய்வில் தினமும் 14 மணி நேர இருட்டில் இருந்தவர்களின் தூக்கம் தானாகவே இரண்டாகப் பிரிந்தது. ஆனால் அவர்கள் தூங்கிய மொத்த நேரம் சுமார் 8 மணி. யாரும் 2 மணி நேரத்தோடு எழுந்துவிடவில்லை. நடு இரவில் விழிப்பு வந்து பயப்படுகிறவர்களுக்கு இந்தத் தகவல் பெரிய ஆறுதல். தூக்கத்தைக் குறைக்க இது சான்று ஆகாது.

கேள்வி: குழந்தை பிறந்து 7 வாரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பால். நான் விரும்பாமலே இந்த முறைக்கு வந்துவிட்டேன் அக்கா. இதை எப்படிப் பழகுவது?

நீங்கள் பழக வேண்டியதில்லை அம்மா. கொஞ்ச நாளில் குழந்தைதான் உங்கள் பக்கம் வரும். பிறந்த குழந்தைக்குப் பகல் இரவு தெரியாது. உடம்புக் கடிகாரம் இரண்டு மாதத்துக்கு மேல்தான் மெல்ல மெல்ல உருவாகும். அதுவரை உங்கள் வேலை தாக்குப்பிடிப்பது மட்டும்தான்.

வீட்டில் இருப்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: தினமும் 4 மணி நேரம் யாரும் எழுப்பாத தூக்கம். கறந்து வைத்த பாலோ, மருத்துவர் சொன்ன வேறு வழியோ, அந்த நேரத்துக்கு அவர்கள் பொறுப்பு. எட்டுத் துண்டுகள் தராத ஆழ்ந்த தூக்கத்தை அந்த ஒரு நீளம் தரும். முடிந்தவரை அது தினமும் ஒரே நேரத்தில் அமையட்டும். மற்றதைப் பகலில் குழந்தையோடு சேர்த்துத் தூங்கிக்கொள்ளுங்கள், வீட்டு வேலை கிடக்கட்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். தூக்கக் கலக்கத்தோடு சோபாவில் சாய்ந்தபடி பால் கொடுக்காதீர்கள். அங்கே குழந்தையோடு கண்ணயர்வது மூச்சுத் திணறலுக்கு இடம் கொடுக்கும், மிகவும் ஆபத்து. அடுத்து, தூங்க நேரம் கிடைத்தும் தூக்கம் வரவில்லை, மனசு இருண்டே கிடக்கிறது என்று இரண்டு வாரம் நீடித்தால், அதைக் களைப்பு என்று ஒதுக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்குச் சுழற்சிமுறை வேலை. ஒரு வாரம் இரவு, ஒரு வாரம் பகல். எனக்கு இதில் ஏதாவது உதவுமா சார்?

சார் இல்லை, அக்காதான், பரவாயில்லை. தூக்கத்தை வெட்டாமல் பிரித்துத் தூங்குவது உங்களுக்குத்தான் உண்மையிலேயே உதவும்.

மைனர்ஸும் வாட்டர்ஹவுஸும் 1981இல் 'நங்கூரத் தூக்கம்' என்பதைக் காட்டினார்கள். தினமும் ஒரே நேரத்தில் 4 மணி நேரம் தூங்கிவிட்டால், மீதி 4 மணி நேரம் முன்பின்னாக மாறினாலும் உடம்புக் கடிகாரம் அலைபாயாமல் நிற்கும். இரவு வாரத்திலும் பகல் வாரத்திலும் பொதுவாக விழுகிற ஒரு 4 மணி நேரத்தைத் தேடுங்கள். உதாரணமாக அதிகாலை வேலை முடிகிறவர் என்றால் பகல் வாரத்தில் தாமதமாகப் படுத்து எழுவது. முழுதாகப் பொருந்தாவிட்டால் பாதியாவது பொருத்துங்கள்.

வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றரை மணி நேரம் தூங்கப் பாருங்கள். வேலை நடுவே அனுமதி இருந்தால் 20 நிமிடம். நீண்ட தூர விமானிகளை வைத்து நாசா செய்த ஆய்வில், 40 நிமிட இடைவேளையில் சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்கள், தூங்காதவர்களைவிடப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் தெளிவாக இருந்தார்கள். எழுந்த உடனே இயந்திரத்தைத் தொட வேண்டாம். தூக்க மயக்கம் கலைய 15 முதல் 30 நிமிடம் ஆகும்.

கேள்வி: பகலில் படுத்தால் தூக்கமே வருவதில்லை. வந்தால் இரண்டு மணி நேரம் போய்விடுகிறது. என்ன செய்வது?

நேரம்தான் காரணமாக இருக்கும். பிற்பகல் 1 முதல் 3 மணிக்குள் உடம்பு தானாகவே சற்று இறங்கும், அப்போது படுங்கள். வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் இதற்கு நேர்மாறு. தூக்க ஆய்வாளர் பெரெட்ஸ் லாவி அதைத் தூக்கத்துக்குத் தடைசெய்யப்பட்ட நேரம் என்றார். அப்போது புரண்டு புரண்டு படுப்பதுதான் மிச்சம். அலாரம் 25 நிமிடம், அதில் 5 நிமிடம் கண் மூடுவதற்கு. தூக்கம் வராவிட்டாலும் எழுந்துவிடுங்கள். இரண்டு வாரம் ஒரே நேரத்தில் செய்தால் பெரும்பாலோருக்குப் பிடிபட்டுவிடும். காபி குடித்த உடனே படுப்பதும் நல்ல வழி. எழும் நேரத்தில்தான் அது வேலையைக் காட்டத் தொடங்கும். ஆனால் பாதி காபின் உடம்பிலிருந்து போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும், எனவே மாலையில் வேண்டாம்.

கேள்வி: வயது 17. தேர்வுக்கு மூன்று மாதம். எவ்ரிமேனுக்கு மாறினால் தினமும் நாலு மணி நேரம் கூடப் படிக்கலாமே?

கூடாது தம்பி. உன் வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். படித்ததை மூளை பதிய வைப்பதே தூங்கும்போதுதான்.

கேள்வி: எல்லாம் தெரிந்தும் ஒரு முறை முயன்று பார்க்க வேண்டும். குறைந்த கெடுதலோடு எப்படி?

வலிப்பு, இருமுனை மனநோய், இதயநோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் 18 வயதுக்கு உட்பட்டவர்களும் வேண்டவே வேண்டாம். தூக்கம் குறைந்தால் வலிப்பு கிளம்பும். இருமுனை நோயில் வெறிநிலை தூண்டப்படும். வண்டியோ இயந்திரமோ ஓட்டுபவர்களும் தொடக்கூடாது.

மற்றவர்கள் முதலில் இரண்டு வாரம் அலாரம் இல்லாமல் தூங்கி, உங்களுக்கு எவ்வளவு தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரவில் அதிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வெட்டாமல், மதியத் தூக்கம் ஒன்றைச் சேருங்கள். 6 மணி நேரத்துக்குக் கீழே போகாதீர்கள். நான் எவ்ரிமேனில் 5 மாதம் இருந்தேன். மூன்றாம் மாதத்திலிருந்து சளி விட்டுப் போகவே இல்லை, சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுதேன். மிச்சம் பிடித்த நேரத்தில் படித்த புத்தகங்களில் ஒன்றுகூட இப்போது நினைவில் இல்லை. இப்போதெல்லாம் இரவில் ஆறேமுக்கால் மணி நேரம், மதியம் 20 நிமிடம், அதிலேயே நிற்கிறேன்.

கேள்வி: யூபர்மேன் ஐந்தாம் நாள் என்று மேலே கேட்டவன்தான். நிறுத்திவிட்டேன். நேற்று 11 மணி நேரம் தூங்கியிருக்கிறேன். இது சரியா, இன்னும் தூங்க வேண்டுமா?

ரொம்பச் சரி. இழந்த மணி நேரம் அத்தனையையும் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ரேண்டி கார்ட்னர் என்ற மாணவர் 1964 ஜனவரியில் 264 மணி நேர விழிப்பை முடித்துவிட்டு, முதல் முறை தூங்கியது சுமார் 14 மணி நேரம்தான். உடம்பு நேரத்தைவிட ஆழத்தைக் கூட்டித்தான் ஈடுகட்டும். இன்றும் நாளையும் தூக்கம் வரும்போது சீக்கிரமே படுத்துவிடுங்கள். எழும் நேரத்தை மட்டும் ஒன்றாக வையுங்கள், எழுந்ததும் வெளிச்சத்துக்குப் போங்கள். ஒரு வாரம் வண்டி வேண்டாம். அடுத்த வாரம் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள், தம்பி.