கேபி 7 என்றார்கள், வானில் ஒன்றுமில்லையே?

கேபி 7 (கேபி என்பது பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று 0 முதல் 9 வரை காட்டும் எண்) என்ற முன்னறிவிப்பை நம்பி இரவெல்லாம் கேமராவோடு காத்திருந்தும் துருவ ஒளி தெரியவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஏமாற்றம் புரிகிறது. ஆனால் கணிப்பே பொய் என்று தள்ளிவிடாதீர்கள். நீங்கள் இணைத்த வரைபடத்தையே பாருங்கள்: சூரியக் காற்றின் வேகம் ஒரே தாவலில் வினாடிக்கு 400 கிலோமீட்டரிலிருந்து 650-க்கு ஏறியிருக்கிறது. சூரியன் வீசியெறிந்த மின்துகள் மேகம் வந்து சேர்ந்துவிட்டது! ஆனால் பி-இசட் கோடு (காந்தப்புலம் வடக்கு நோக்கியா, தெற்கு நோக்கியா என்று காட்டுவது) இரவு முழுக்கப் பூஜ்யத்துக்கு மேலேயே ஓடுகிறது. அதாவது மேகத்தின் காந்தப்புலம் வடக்கு நோக்கியே இருந்திருக்கிறது. அது தெற்கே திரும்பினால்தான் பூமியின் புலத்தோடு இணைந்து ஆற்றல் தாராளமாக உள்ளே இறங்கும்.

மேகம் சூரியனிலிருந்து கிளம்பும்போதே இந்தத் திசையை நம்பகமாகச் சொல்ல இன்றும் வழியில்லை. பூமியிலிருந்து சூரியன் பக்கமாகச் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், எல்1 என்ற புள்ளியில் உள்ள விண்கலங்களைத் தொடும்போதுதான் தெரியவரும். அதன்பின் நம் கையில் இருப்பது 15 முதல் 60 நிமிடம்தான்.

கேபி என்பது மூன்று மணி நேரத்துக்கு ஒரு எண், அதை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்காதீர்கள். பி-இசட் மைனஸ் 10 நானோடெஸ்லாவுக்குக் கீழே இறங்கி அங்கேயே நிற்கிறதா பாருங்கள். நின்றால் உடனே கிளம்புங்கள்.