கல்லூரியில் முதல் பருவம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசு கலை, அறிவியல் கல்லூரிகளில் கலந்தாய்வு முடிந்து முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிட்டன. சென்ற சில வாரங்களில் இப்பகுதிக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முதலாண்டு மாணவர்களும் அவர்களுடைய பெற்றோரும் எழுதியவை. குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குள் நுழைபவருக்கு இன்டர்னல் என்றால் என்ன, அரியர் எப்போது விழும், கிரெடிட் எதற்கு என்று வீட்டில் சொல்லித்தர யாரும் இருப்பதில்லை. வகுப்பில் எழுந்து கேட்கவோ கூச்சமாக இருக்கிறது. கடிதங்களில் திரும்பத் திரும்பத் தென்பட்டது இந்தத் தயக்கமே. ஒரு பருவத்துக்குச் சுமார் 90 வேலை நாட்கள்தாம். தயக்கம் தீரட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் தேர்வே வந்துவிடும் என்பதால், கேட்க வேண்டியவற்றை முதல் மாதத்திலேயே கேட்டுவிடுமாறு ஒவ்வொரு மாணவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தேன். அரசுக் கல்லூரியில் இளநிலை இயற்பியலில் ஆங்கிலவழியில் இடம் கிடைத்துள்ளது. வகுப்பில் பாதிக்கு மேல் புரியவில்லை. தமிழ்வழிக்கு மாறலாமா? தேர்வையாவது தமிழில் எழுதலாமா?
— முதலாண்டு மாணவி, திருவண்ணாமலை மாவட்டம்

பயிற்று மொழியை மாற்றிக்கொள்வதும் தேர்வைத் தமிழில் எழுதுவதும் வெவ்வேறானவை. உங்கள் கல்லூரியிலேயே இயற்பியலுக்குத் தமிழ்வழிப் பிரிவு இருந்து, அதில் இடமும் காலியாக இருந்தால், சேர்க்கை முடிவதற்குள் முதல்வருக்கு விண்ணப்பம் எழுதித் துறைத் தலைவரின் பரிந்துரையுடன் கொடுக்கலாம். சேர்க்கைப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குச் சென்றுவிட்டால் மாற்றம் மிகவும் கடினமாகிவிடும் என்பதால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள். தேர்வைத் தமிழில் எழுதும் வாய்ப்பைப் பொறுத்தவரை, ஆங்கிலவழி மாணவருக்கு அதை எந்தெந்தத் தாள்களில் உங்கள் பல்கலைக்கழகம் அனுமதிக்கிறது என்பதைத் துறை அலுவலகத்தில் கேட்டு, விதியை உங்கள் கண்ணாலேயே படித்துப் பாருங்கள்.

இங்கே ஒன்றைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாநில அரசுப் பணிகளுக்கான நேரடி நியமனத்தில் தமிழ்வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010இல் வந்தது; பள்ளிக் கல்வியும் தமிழ்வழியில் அமைந்திருக்க வேண்டும் என்று 2020இல் அது திருத்தப்பட்டது. அச்சட்டம் பார்ப்பது பயிற்று மொழியை. விடைத்தாள் எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதை அன்று. எனவே ஆங்கிலவழியில் சேர்ந்துகொண்டு தேர்வை மட்டும் தமிழில் எழுதினால், பட்டப்படிப்பைத் தகுதியாகக் கேட்கும் பணிகளில் அந்த முன்னுரிமை கிடைக்கும் என்று எண்ணிவிடாதீர்கள்.

ஆங்கிலவழியிலேயே தொடர்வதாக இருந்தாலும் நீங்கள் நினைப்பது போல நிலைமை மோசமில்லை. இயற்பியலின் முதல் பருவத்தில் பல பல்கலைக்கழகங்கள் வைக்கும் ‘பருப்பொருளின் பண்புகள்’ தாளில் வரும் மீட்சியியல், பாகுநிலை, பரப்பு இழுவிசை ஆகியவற்றைப் பதினோராம் வகுப்பிலேயே நீங்கள் படித்திருக்கிறீர்கள். பேராசிரியர் ‘விஸ்காசிட்டி’ என்று சொல்லும்போது அது நீங்கள் அறிந்த பாகுநிலைதான் என்பது உடனே நினைவுக்கு வராததே இப்போதைய இடர்ப்பாடு. அதைப் போக்க ஒரு வழி உண்டு. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் பதினோராம் வகுப்பு இயற்பியல் நூல் இரு மொழிகளிலும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பாட வரிசையும் சமன்பாடுகளும் படங்களும் இரண்டிலும் ஒன்றே. இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்துக்கொண்டு, நாளை வகுப்பில் நடக்கவிருக்கும் பகுதியை முதல் நாள் மாலை முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும் படியுங்கள். புதிய பாடத்தைப் புதிய மொழியில் படிப்பதைவிட, தெரிந்த பாடத்தைப் புதிய மொழியில் படிப்பது எத்தனையோ மடங்கு எளிது. கலைச்சொற்களைத் தனி நோட்டில் இரு மொழியிலும் எழுதி வாருங்கள். ஆய்வகத்தில் கருவியைத் தொட்டுச் செய்யும்போதே அதன் ஆங்கிலப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். கையால் செய்ததன் பெயர் மறப்பதில்லை.

கல்லூரி அளவிலான தமிழ் நூல்கள் இல்லை என்று பலர் வருந்துகின்றனர். 1960களிலும் 70களிலும் தமிழ் வெளியீட்டுக் கழகமும் அதன் பின் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனமும் இயற்பியல், வேதியியல், பொருளியல், வரலாறு என்று நூற்றுக்கணக்கான நூல்களைக் கல்லூரி மாணவர்களுக்காகவே தமிழில் கொண்டுவந்தன. அவற்றுள் பல இன்று தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. பழைய நூல்களாக இருந்தாலும் மீட்சியியலின் அடிப்படை மாறிவிடவில்லை.

முதல் பருவம் எப்படிப் போனாலும் பரவாயில்லை, கடைசி ஆண்டில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சீனியர்கள் சொல்கின்றனர். இது சரியா? மதிப்பெண் முறையும் எனக்குப் புரியவில்லை.
— இளநிலை வணிகவியல் மாணவர், மதுரை மாவட்டம்

சரியன்று. மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு ஆறு பருவங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. நம் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் மொத்தம் 140 கிரெடிட் (ஒவ்வொரு தாளிலும் தேறும்போது சேரும் மதிப்பலகு) பெற்றால் பட்டம். பகுதி ஒன்றில் தமிழ் அல்லது வேறு மொழி, இரண்டில் ஆங்கிலம், மூன்றில் முதன்மைப் பாடங்களும் துணைப் பாடங்களும், நான்கில் சுற்றுச்சூழல் கல்வி, திறன் பாடங்கள் முதலியவை, ஐந்தில் நாட்டு நலப்பணித் திட்டம் போன்ற விரிவாக்கப் பணிகள் என்பது வழக்கமான அமைப்பு. முதுநிலைச் சேர்க்கையின்போது பெரும்பாலும் பகுதி மூன்றின் மதிப்பெண்ணையே பார்க்கின்றனர். அதில் முதல் பருவத் தாள்களும் அடங்கும் என்பதைச் சீனியர்கள் உங்களுக்குச் சொல்லவில்லை போலும்.

ஒவ்வொரு தாளுக்கும் அக மதிப்பெண் (இன்டர்னல்) 25, பல்கலைக்கழகத் தேர்வுக்கு 75 என்பது பரவலான முறை. தன்னாட்சிக் கல்லூரிகளில் இந்தப் பங்கீடு மாறலாம். எழுத்துத் தேர்வில் 75க்குக் குறைந்தது 30, மொத்தத்தில் 100க்கு 40 என்று தேர்ச்சி வரம்பு இருக்குமானால் கணக்கைப் பாருங்கள்: அக மதிப்பெண்ணில் 10 வாங்கியவர் எழுத்துத் தேர்வில் 30 எடுத்தாலே போதும்; 5 மட்டும் வாங்கியவருக்கு 35 தேவை. அதே வேளையில், அகத்தில் 22 வாங்கியிருந்தாலும் எழுத்துத் தேர்வில் 29 எடுத்தால் அரியர்தான், அதாவது அந்தத் தாள் தேறாமல் நிலுவையில் நிற்கும். அக மதிப்பெண்ணைத் தீர்மானிப்பவை இடைத் தேர்வுகள், ஒப்படைப்பு, கருத்தரங்கு, சில இடங்களில் வருகைப் பதிவு. இவை பருவம் முழுவதும் பரவிக் கிடப்பதால், கடைசி இரண்டு வாரம் விழித்துப் படித்து இவற்றை மீட்க முடியாது.

அரியர் விழுந்துவிட்டால் வாழ்க்கை முடிந்துவிட்டதாக எண்ண வேண்டியதில்லை; அடுத்த பருவத்தில் எழுதித் தேறலாம். ஆனால் அந்தத் தாளை அடுத்த பருவத்தின் தாள்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும் என்பதையும், பல்கலைக்கழகத் தரவரிசைக்கு முதல் முயற்சியிலேயே எல்லாத் தாள்களிலும் தேறியிருக்க வேண்டும் என்பதையும், வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனங்கள் நிலுவைத் தாள் உள்ளவர்களைப் பல வேளைகளில் அழைப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

இரவில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறேன். வருகை குறைந்தால் என்ன ஆகும்?
— இளநிலைக் கணினிப் பயன்பாட்டியல் மாணவர், திருப்பூர் மாவட்டம்

தேர்வெழுதப் பொதுவாக 75 விழுக்காடு வருகை வேண்டும்; 90 வேலை நாட்களில் அது 68 நாட்கள். நோய், திருவிழா, வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் சேர்த்து உங்கள் கையில் இருப்பவை 22 நாட்களே. 65இலிருந்து 75 விழுக்காட்டுக்குள் இருப்பவர் தகுந்த காரணம் காட்டி, காண்டொனேஷன் கட்டணம் (வருகைக் குறைவைப் பொறுத்தருளக் கட்டும் தொகை) செலுத்தித் தேர்வெழுதலாம் என்பது பல பல்கலைக்கழகங்களின் விதி. அதற்குக் கீழே இறங்கினால் அந்தப் பருவத் தேர்வுக்கு ஹால் டிக்கெட் கிடைக்காது. பாதிக்கும் குறைந்தால் பருவத்தையே மீண்டும் படிக்க நேரலாம்.

உங்கள் நிலையை வகுப்பு ஆசிரியரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். வேலை பார்த்துப் படிப்பது மறைக்க வேண்டிய செய்தி அன்று. நீங்கள் சோம்பலால் வரவில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தால், இடைத் தேர்வைத் தவறவிட்ட நாளில் மறுவாய்ப்புக் கேட்க உங்களுக்கு ஓர் ஆள் இருப்பார். வாரத்தில் ஆறு இரவும் முழு ஷிப்ட் பார்த்துவிட்டுக் காலையில் நிரலாக்கம் கற்பது உடலால் முடியாத காரியம். வருமானம் குறைந்தாலும் இரவு வேலையை வாரத்துக்கு மூன்று நாளாகச் சுருக்க முடியுமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள்.

பேராசிரியர் நோட்ஸ் சொல்கிறார், எழுதிக்கொள்கிறோம். அதைப் படித்தாலே தேறிவிடலாம் என்கிறார்கள். வரலாறு படிப்பது என்பது இவ்வளவுதானா?
— இளநிலை வரலாறு மாணவி, தஞ்சாவூர் மாவட்டம்

இந்தக் கேள்வியை முதலாண்டிலேயே கேட்டிருக்கிறீர்கள் என்பதில் எனக்குப் பெருமகிழ்ச்சி. நோட்ஸும் சீனியர் தரும் ‘முக்கிய வினாக்கள்’ பட்டியலும் உங்களைத் தேற வைக்கும். வரலாற்று மாணவி ஆக்கிவிடாது.

நீங்கள் வாழும் ஊரை எண்ணிப் பாருங்கள். முதலாம் ராஜராஜன் கட்டி 1010இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் சுவர்களிலேயே சோழர் ஆட்சியின் கணக்கேடு வெட்டப்பட்டிருக்கிறது. தானும் தமக்கையும் அரசியரும் மற்றவரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுமாறு அவன் இட்ட ஆணை, கோயிலுக்குத் தந்த பொன்னின் எடை, நிலம் அளந்த விவரம், கோயிலில் ஆடற்பணி செய்த தளிச்சேரிப் பெண்டிர் நானூற்றுவரின் பெயர்கள், அவர்கள் குடியிருந்த தெருக்கள் எல்லாம் அங்கே உள்ளன. அக்கல்வெட்டுகள் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் அச்சாகியுள்ளன. அது இணையத்திலும் கிடைக்கிறது. ‘சோழர் காலக் கோயில்கள் பொருளாதார மையங்களாகவும் விளங்கின’ என்று நோட்ஸில் ஒரு வரி வரும். அந்த வரிக்கு ஆதாரம் எது என்று கேட்டு, ஒரு கல்வெட்டை எடுத்து, கடினமான சொற்களுக்கு ஆசிரியரின் உதவியோடு பொருள் கண்டு, பிறகு சுவருக்கு எதிரில் போய் நின்று அந்த வரிகளைத் தேடிப் பாருங்கள். பத்து மதிப்பெண் வினாவுக்கு நீங்கள் எழுதும் விடை அன்றே மாறிவிடும்.

சரசுவதி மகால் நூலகமும், 1981இல் தொடங்கப்பட்ட தமிழ்ப் பல்கலைக்கழகமும் உங்கள் ஊரிலேயே உள்ளன. அங்கே படிக்கிறீர்கள் என்பதை உறுதிசெய்யும் போனஃபைடு சான்றிதழைக் கல்லூரியிலிருந்து வாங்கிக்கொண்டு முதல் பருவத்திலேயே அங்கே நூலகத்தைப் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். மூன்றாம் ஆண்டில் ஆய்வுத் திட்டக் கட்டுரை எழுதும்போது முதன்முறையாக நூலகத்தைத் தேடிச் செல்லும் மாணவர்களைப் பார்க்கையில் எனக்கு மனம் வலிக்கிறது. அவர்களுக்கு அறிவு குறைவில்லை, இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே யாரும் அழைத்துச் செல்லவில்லை. உங்கள் பேராசிரியரிடமும் தயங்காமல் பேசுங்கள். நோட்ஸ் சொல்லித் தரும் ஆசிரியர் அதற்கு மேல் அறியாதவர் என்று முடிவு கட்ட வேண்டாம். ஐந்து அலகுகளையும் ஒரு பருவத்துக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடியில் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு; வகுப்பு முடிந்தபின் ஒரு மாணவி வந்து ‘மேற்கொண்டு எதைப் படிக்கலாம், ஐயா’ என்று கேட்பதற்காகவே காத்திருக்கிறவர்களும் உண்டு.

மகளைச் சென்னையில் ஒரு கல்லூரி ஹாஸ்டலில் சேர்த்திருக்கிறேன். ராகிங் பயம் என்னை உறங்க விடவில்லை.
— ஒரு தந்தை, தருமபுரி மாவட்டம்

உங்கள் கவலை நியாயமானது. 1996இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு கொல்லப்பட்ட கொடுமைக்குப் பின் தமிழ்நாடு 1997இல் ராகிங் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. இரண்டாண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் அதில் உண்டு. குற்றவாளி கல்லூரியிலிருந்தும் நீக்கப்படுவார். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகள் இதை மேலும் விரிவாக்கின. சீனியரின் ரெக்கார்டு நோட்டை எழுதித் தரச் சொல்வதும், அவர் செலவுக்குப் பணம் கேட்பதும்கூட அவ்விதிகளின்படி ராகிங்கே. சாதி, ஊர், மொழி, வீட்டின் வறுமை ஆகியவற்றைச் சுட்டி இழிவுபடுத்துவதும் 2016இல் அதில் சேர்க்கப்பட்டது. ‘இதெல்லாம் சும்மா விளையாட்டு’ என்று யாராவது சொன்னால் உங்கள் மகள் அதை ஏற்க வேண்டியதில்லை.

புகார் அளிக்க நாள் முழுவதும் இயங்கும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண் 1800-180-5522. இந்த எண்ணுடன் விடுதிக் காப்பாளர், துறைத் தலைவர் ஆகியோரின் எண்களையும் மகளின் கைப்பேசியிலும் உங்கள் கைப்பேசியிலும் பதிந்து வையுங்கள். தொலைபேசியில் பேசும்போது ‘படிக்கிறாயா, மதிப்பெண் எவ்வளவு’ என்று மட்டும் கேட்காமல், யாருடன் சாப்பிட்டாள், அறையில் இன்னும் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். திட்டு விழுமோ என்று அஞ்சும் பிள்ளை நடந்ததைச் சொல்லாது.

அரசுப் பள்ளியில் படித்த எனக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்குமா? வேறு உதவித்தொகை பெற்றால் இது நின்றுவிடுமா?
— முதலாண்டு மாணவர், விழுப்புரம் மாவட்டம்

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்வியில் சேர்ந்த மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கு அதே தொகையைத் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அதில் அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களும் அடங்குவர். மற்ற கல்வி உதவித்தொகை பெறுவது இதற்குத் தடையில்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகவே செல்கிறது என்பதால், அதற்கென உங்கள் கல்லூரியில் பொறுப்பேற்றுள்ள ஆசிரியர் யார் என்று அலுவலகத்தில் கேட்டு, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், பள்ளியில் தந்த எமிஸ் எண் (ஒவ்வொரு மாணவருக்கும் உரிய பள்ளிப் பதிவு எண்) ஆகியவற்றுடன் அவரைப் பாருங்கள். உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கு ஆதாருடன் இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக்குச் சென்று இணைத்துவிடுங்கள்.