கோதுமை ரகம் உருவாக்கணுமாம் உங்கள் மகளுக்கு: காட்டுமன்னார்கோவில் அப்பாவுக்குப் பதில்

ஐயா, கடலூர் மாவட்டத்தில் கோதுமையே விளையாது, பிறகு எதற்கு இந்த வேளாண்மைப் படிப்பு என்கிறீர்கள். பி.எஸ்சி. வேளாண்மை 4 வருஷமும் பொதுப் படிப்புதான். புது ரகம் உருவாக்கும் பயிர் இனப்பெருக்கத் துறை தனியாகப் பிரிவது எம்.எஸ்சி.யில். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலேயே அந்தத் துறை இருக்கிறது. நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். காரைக்கால் வேளாண் கல்லூரிக்கு சென்டாக் (புதுச்சேரி அரசின் மாணவர் சேர்க்கை அமைப்பு) வழியாகச் சேர்க்கை. புதுச்சேரிக் குடியிருப்புச் சான்று இல்லாமல் அதை நம்பி உட்கார வேண்டாம்.

கோதுமைக்குப் பிற்பாடு கர்னால், லூதியானா ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அவ்வளவு தூரம் வேண்டாமென்றால் குன்னூர் பக்கம் வெலிங்டன் கோதுமை ஆராய்ச்சி நிலையம். நீலகிரியில் துருநோய் (கோதுமையைத் தாக்கும் பூஞ்சை நோய்) வருஷம் முழுக்க உயிரோடு இருப்பதால், எந்தக் கோதுமை தாங்கும் என்று அங்கே சோதிப்பார்கள்.

இரண்டு ரகங்களைக் கலக்கும் கைவேலையை உங்கள் நெல் வயலிலேயே பழகலாம். சாயங்காலம், பாதி வெளிவந்த கதிரைத் தேர்ந்தெடுத்து, ஏற்கெனவே பூத்ததையும் அடியில் பிஞ்சாக இருப்பதையும் கிள்ளி எறியணும். மீதிப் பூக்களின் உமியில் மேல் மூன்றில் ஒரு பங்கை வெட்டி, 6 மகரந்தப்பைகளையும் இடுக்கியால் எடுக்கணும் (கோதுமையில் 3 தான்). ஒன்று தங்கினாலும் தன் மகரந்தமே சேர்ந்து உழைப்பு வீண். மகரந்தத்தை வாங்கும் சூல்முடியில் இடுக்கி பட்டால் மணியே பிடிக்காது. பட்டர் பேப்பர் உறை போட்டு, மறுநாள் 9 முதல் 11 மணிக்குள் ஆண் கதிரை, அதாவது மகரந்தம் தரும் மற்ற ரகத்தின் கதிரை, அதன்மேல் தட்டணும். நெல் மகரந்தம் சில நிமிஷத்தில் செத்துவிடும். கதிரைப் பறித்துக்கொண்டு பேசிக்கொண்டு நின்றால் போச்சு. நாலைந்து நாளில் வெட்டிய உமிக்குள் பச்சை மணி தெரியும். ஆனால் அது கலப்புதானா? ஆண் செடியாக அடித்தண்டு ஊதாவான ரகத்தை எடுத்திருந்தால், நாற்றிலும் ஊதா தெரியும்.

அதற்குப் பிறகுதான் பொறுமை. ஆறேழு தலைமுறை தேர்வு, பல இடச் சோதனை, விவசாயிகள் வயல் சோதனை எல்லாம் சேர்த்துப் பத்து வருஷம் சாதாரணம். உங்கள் ஊர்ப்பக்கம் தெரிந்த நெல் ரகம் சி.ஆர். 1009 சப்1-ஐயே பாருங்கள்: ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ நெல்லில் இருந்த, வெள்ளம் தாங்கும் மரபணுவை, திரும்பத் திரும்ப சி.ஆர். 1009-உடன் கலந்து, அந்த மரபணு வந்திருக்கிறதா என்று டி.என்.ஏ. குறியீடு பார்த்துத் தேர்ந்து கொண்டுவந்தது. வளர்பருவத்தில் சுமார் இரண்டு வாரம் மூழ்கினாலும் பிழைக்கும்.

வேலை விஷயத்தில் பூசி மெழுக வேண்டாம். அரசு ஆராய்ச்சி இடங்கள் குறைவு, ஏ.ஆர்.எஸ். (மத்திய வேளாண் விஞ்ஞானி பணி) தேர்வு, நெட், பிஎச்.டி. என்று முப்பதை நெருங்கிவிடும். டி.என்.பி.எஸ்.சி. வேளாண்மை அலுவலர் தேர்வைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். ஐதராபாத் விதை நிறுவனங்கள் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கும் நெல்லுக்கும் ஆள் எடுக்கின்றன, அதிலும் பாதி நாள் வெயிலில்தான். வெயிலைவிட எனக்குக் கவலை புள்ளியியல். வேளாண்மை எடுத்தால் கணக்குத் தொல்லை விட்டது என்று நினைத்திருந்தால், எம்.எஸ்சி.க்கு இந்தத் துறையைக் கேட்க வேண்டாம். விதைத் தொழில்நுட்பம் பார்க்கட்டும்.