நாய் மார்க் இசைத்தட்டுகள்

கேள்வி: எங்கள் வீட்டுப் பரணில், தாத்தா வாங்கிய நாய் மார்க் இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. அவற்றை வெளியிட்ட நிறுவனம் இப்போதும் இருக்கிறதா? தட்டுகளைச் சுத்தம் செய்து கேட்க முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: இருக்கிறது. நாய் மார்க் என்றும் எச்.எம்.வி. என்றும் நாம் அறிந்த அந்த நிறுவனம், 2000ஆம் ஆண்டு முதல் சரிகம என்ற பெயரில் இயங்கி வருகிறது.

அதன் தாய் நிறுவனமான கிராமபோன் கம்பெனி 1898இல் லண்டனில் தொடங்கப்பட்டது. அதன் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கைஸ்பர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து கௌஹர் ஜான் முதலிய கலைஞர்களின் பாட்டைப் பதிவு செய்தார். தட்டு அச்சிடும் ஆலை அப்போது இந்தியாவில் இல்லாததால், பதிவுகள் கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குச் சென்று தட்டுகளாகத் திரும்பி வந்தன. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவில் ஆலை அமைந்த பிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அந்த அரக்குத் தட்டில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே பாட இடமிருந்தது. கச்சேரியில் அரை மணி நேரம் விரித்துப் பாடும் வித்வான், ராகத்தின் சாயலைச் சில நொடிகளில் காட்டிவிட்டுக் கீர்த்தனைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அதைக் குறையாகச் சொல்வோர் உண்டு. ஆனால் சுருங்கச் சொல்லும் அந்தக் கட்டாயத்தால் விளைந்த செறிவு, பிற்கால நீண்ட பதிவுகள் பலவற்றில் இல்லை என்பதே என் துணிபு. எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு 1926இல், அவருக்குப் பத்து வயதானபோது, இந்நிறுவனத்தின் வெளியீடாகவே வந்தது. அவர் பாடிய வேங்கடேச சுப்ரபாதமும் 1963இல் எச்.எம்.வி.யின் நீண்ட நேர (எல்.பி.) இசைத்தட்டாக வெளிவந்ததுதான். திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் நம் வட ஆர்க்காட்டுப் பகுதியில் அது ஒலிக்காத கோயில் வீதி அரிது.

உங்கள் பெட்டியில் கொலம்பியா முத்திரை கொண்ட தட்டுகள் இருந்தால் அவற்றையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையாகக் கொள்ளலாம். 1931இல் இரு நிறுவனங்களும் இணைந்து இ.எம்.ஐ. ஆயின. ஓடியன் தட்டுகளும் அதே குடும்பத்தில் சேர்ந்தவையே. சென்னையில் அவற்றை வெளியிட்டது ஏ.வி. மெய்யப்பன் பங்குதாரராக இருந்த சரஸ்வதி ஸ்டோர்ஸ்.

1980களில் கேசட் பரவியபோது சிறு நிறுவனங்கள் பல முளைத்தன. இளையராஜாவின் பாடல்கள் பலவும் எக்கோ நிறுவனத்தின் வழியாக வந்தன. தட்டும் கேசட்டும் வழக்கொழிந்த பின்னும் சரிகம நிலைத்திருப்பதற்குக் காரணம், தலைமுறைகளாகச் சேர்ந்த பழைய பதிவுகளின் உரிமை அதன் கையில் இருப்பதுதான். 2017இல் சரிகம வெளியிட்ட, பழைய பாடல்கள் பதிந்த காரவான் பாட்டுப்பெட்டி முழுவதும் அந்தப் பழைய செல்வத்தை நம்பியே உருவானது.

தட்டுகளை முதலில் பரணிலிருந்து இறக்கிவிடுங்கள். வேலூர்ப் பகுதியின் கத்திரி வெயிலில் அரக்கு இளகி வளையும். ஸ்பிரிட் அரக்கைக் கரைத்துவிடும் என்பதால் அதைக் கொண்டு துடைக்கவே கூடாது. மிதமான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் பள்ளங்களின் போக்கிலேயே துடைத்து, நடுவிலுள்ள காகிதம் நனையாமல் உடனே உலர்த்துங்கள். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் நிமிர்த்தி வையுங்கள். எல்.பி. தட்டுக்குரிய மெல்லிய ஊசியில் இவற்றை ஓட்ட வேண்டாம். 78 சுற்றுத் தட்டுக்கென்று தனியாக அகன்ற முனை கொண்ட ஊசி கிடைக்கிறது. பழைய சாவி கொடுக்கும் கிராமபோன் பெட்டியில் கேட்பதானால், ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய எஃகு ஊசி மாற்றுவது அவசியம்.