காட்டில் புதுச் சிலந்தி: கேள்வி பதில்

சிலந்திகளின் வகைபாட்டியல்தான் என் வேலை. புதிய இனத்தை விவரிப்பது, அதாவது அதற்குப் பெயர் வைத்துக் கட்டுரையாக வெளியிடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். கடித்தால் என்ன மருந்து என்று கேட்டவர்கள் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள்.

பள்ளி ஆசிரியர், வால்பாறை: மேடம், எஸ்டேட்டை ஒட்டிய சோலையில் ஒரு சிலந்தியைப் பார்த்தேன். என்னிடம் இருக்கும் எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. புதிய இனமா என்று எப்படி உறுதி செய்வது?

புத்தகத்தில் இல்லை என்பது மட்டும் போதாது சார். கையேடுகளில் சில நூறு இனங்கள்தான் இருக்கும். உலகில் பெயர் பெற்ற சிலந்திகள் 2022 ஏப்ரலிலேயே 50,000-ஐத் தாண்டிவிட்டன, இந்தியாவில் மட்டும் 1,900-க்கு மேல். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர அருங்காட்சியகம் பராமரிக்கும் உலகச் சிலந்திப் பட்டியலில் எல்லாப் பெயர்களும் இருக்கின்றன. 1757-இல் கார்ல் கிளார்க் ஸ்வீடன் சிலந்திகளுக்கு வைத்த பெயர்களிலிருந்து அது தொடங்குகிறது.

முதலில் பேரினத்தை, அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த தொகுதியைக் கண்டுபிடியுங்கள். அப்புறம் அந்தப் பேரினத்தில் இந்தியா, இலங்கை, மியான்மர் பகுதிகளிலிருந்து விவரிக்கப்பட்ட ஒவ்வொரு இனத்தின் மூலக் கட்டுரையையும் தேடி எடுங்கள். பெரும்பாலான நேரம் இதில்தான் போகும். 1900-க்கு முன் எழுதியவற்றில் பலவற்றுக்குப் படமே இருக்காது, நாலு வரி லத்தீன்தான். அப்படிப்பட்ட இடத்தில், அன்று பெயர் வைக்கப் பயன்பட்ட அந்தப் பழைய மாதிரிச் சிலந்தி லண்டனிலோ பாரிஸிலோ இருந்தால் அதையே பார்த்தாக வேண்டும்.

ஒப்பிடுவதற்கு நிறத்தை நம்பாதீர்கள். ஒரே இனத்தில் பச்சையும் பழுப்பும் வரும். முதிர்ந்த பெண்ணின் அடிவயிற்றில், முன்பக்கத்தில், கெட்டியான பழுப்புத் தகடு ஒன்று இருக்கும். அதை எபிஜைன் என்போம். நுண்ணோக்கியின் கீழே மெல்லிய ஊசியால் சுற்றிலும் அறுத்து எடுத்து ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெயில் போட்டுக் காத்திருந்தால் சதை மெல்லத் தெளியும். உள்ளே விந்தைச் சேமிக்கும் இரண்டு பைகளும், அவற்றுக்குப் போகும் குழாய்களும் தெரியும். பை உருண்டையா நீளமா, குழாய் எத்தனை சுற்று, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் அந்த இனத்தின் கையெழுத்து. ஆணில் வாயருகே இருக்கும் பால்ப் என்ற உறுப்பின் நுனியைப் பார்ப்போம். எல்லாருடைய படங்களையும் ஒப்பிட வசதியாக இடப்பக்கப் பால்பை வரைவது வழக்கம். இதெல்லாம் பொருந்தாமல் போனால்தான் "புதிது" என்ற சொல்லையே எடுக்கலாம்.

பெயர் சொல்லாதவர்: படம் அனுப்பியிருக்கிறேன். இது புதிய இனமா?

மரப்பட்டையோடு ஒட்டிக்கொண்டு, பின்னால் வால் போல இரண்டு நீண்ட நூற்பு உறுப்புகள். ஹெர்சிலியா என்ற பேரினம். அதுவரைதான் படத்தில் சொல்ல முடியும்.

குற்றாலம்: அருவிப் பக்கத்துப் பாறையில் இருந்தது. இது புதிய இனமா?

இது குஞ்சு. இனப்பெருக்க உறுப்பு இன்னும் வளரவில்லை. யாராலும் சொல்ல முடியாது.

முதுகலை மாணவி, கோவை: அக்கா, அனுமதியோடு ப்ராஜெக்ட்டுக்குச் சேகரித்த சிலந்திகளை ஃபார்மலினில் போட்டு வைத்திருக்கிறோம். அது போதுமா?

ஃபார்மலின் வேண்டாம்மா. உடல் விறைத்துவிடும், மரபணுவும் கெட்டுவிடும். 70 சதவீத எத்தனாலில் வையுங்கள். மரபணுவுக்கு என்று ஒரு காலைத் தனியாக 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட்டு குளிரில் வையுங்கள்.

லேபிளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இடம், உயரம், தேதி, எந்தச் செடி அல்லது பாறை, யார் எடுத்தது என்று கெட்டித் தாளில் பென்சிலால் எழுதி குப்பிக்கு உள்ளே போட வேண்டும். வெளியே ஒட்டினால் உரிந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதினால் எத்தனாலில் மை கரைந்துவிடும். லேபிள் போன மாதிரியால் அறிவியலுக்குப் பயன் இல்லை.

இன்னொன்று. ஒரே ஒரு தோலுரிப்பு மிச்சமிருக்கும் சிலந்தி கிடைத்தால் உடனே எத்தனாலில் போடாதீர்கள். தனி டப்பாவில் பழ ஈ கொடுத்து வளருங்கள். முதிர்ந்ததும் எடுக்கலாம், உரித்த தோலும் கிடைக்கும்.

ஒளிப்படக்காரர், ஏற்காடு: படத்தோடு இடத்தின் ஜிபிஎஸ் புள்ளியையும் பொதுவில் போட்டிருக்கிறேன். ஆராய்ச்சிக்கு உதவும் அல்லவா?

உடனே எடுத்துவிடுங்கள். ஆராய்ச்சியாளருக்குத் தனியாகக் கொடுங்கள்.

காரணம் இருக்கிறது. நீல நிறத்தில் மின்னும் பொயசிலோதீரியா மெட்டாலிகா என்ற மரச் சிலந்தியை பிரிட்டிஷ் விலங்கியலாளர் போகாக் 1899-இல் விவரித்தார். ஆந்திராவின் கூட்டி ஊரில், ரயில்வே மரக்கிடங்கில் கிடைத்தது. அங்கே அதற்கான காடே இல்லை. வெட்டிய மரத்தோடு ரயிலில் வந்திருக்க வேண்டும். நூறு ஆண்டுக்குப் பிறகு நந்தியால் பக்கத்துக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவான இடம், அதுவும் சிதைந்த காடு. அழிவின் விளிம்பில் இருக்கும் இதே சிலந்தி வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தையில் பெயர்பெற்ற சரக்கு. இந்தப் பேரினம் முழுவதும் 2019-இல்தான், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பின்னிணைப்பில் சேர்ந்தது. கட்டுரையில்கூட இத்தகைய இனங்களுக்குத் துல்லியமான புள்ளியைக் கொடுக்கக் கூடாது என்பதே என் கருத்து.

சூழலியல் ஆர்வலர், கோத்தகிரி: அரிய உயிர் என்று சொல்லிக்கொண்டே அதைக் கொன்று குப்பியில் போடுகிறீர்கள். நல்ல கேமரா இருக்கும் காலத்தில் இது எதற்கு?

நியாயமான கேள்வி. 2015-இல் தென்னாப்பிரிக்காவின் ஈ ஒன்றுக்குப் படத்தை மட்டும் வைத்தே பெயர் சூட்டினார்கள். அடுத்த ஆண்டே ஏறக்குறைய ஐந்நூறு வகைபாட்டியலாளர்கள் கையெழுத்துப் போட்டு எதிர்த்தார்கள். நானும் எதிர்ப்பவர்கள் பக்கம்தான். கேமராவில் எபிஜைனின் உட்புறம் வராது. நாளைக்கு நான் சொன்னது தவறா என்று ஒருவர் சோதிக்க நினைத்தால் அவர் கையில் எடுத்துப் பார்க்க ஹோலோடைப் வேண்டும், அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான மூல மாதிரி.

ஏற்காடு ஒளிப்படக்காரர் மறுபடியும்: அருணாசலத்தில் புகுன் லியோசிக்லா பறவையைக் கொல்லாமலே 2006-இல் விவரித்தார்களே?

சரிதான், ரமணா ஆத்ரேயா செய்தது. பிடித்து, அளந்து, உதிர்ந்த இறகுகளை வைத்துக்கொண்டு பறவையை விட்டுவிட்டார். தெரிந்தது மிகச் சில பறவைகளே என்பதால் அந்த முடிவை மதிக்கிறேன். ஆனால் பறவையை இறகிலும் குரலிலும் பிரித்துச் சொல்லலாம். பெரும்பாலான சிலந்திகளில் அது நடக்காது.

கோத்தகிரி: ஒரு காலை மட்டும் எடுத்து மரபணு பார்க்கலாமே. சிலந்தி பிழைத்துக்கொள்ளும்.

பிழைத்துக்கொள்ளும், மரபணுவும் கிடைக்கும். ஆனால் அதை எதோடு ஒப்பிடுவீர்கள்? பழைய இந்திய இனங்களில் மிகப் பலவற்றுக்கு மரபணுத் தகவலே இல்லை. அவற்றின் அடையாளம் உடலமைப்பில்தான் இருக்கிறது.

கோவை மாணவி: அக்கா, குறுக்கிடுகிறேன். உரித்த தோலிலேயே விந்துப் பை தெரியும் என்று படித்தேன். அதை வைத்து விவரிக்கக் கூடாதா?

நல்ல இடத்தைத் தொட்டீர்கள். டாரன்டுலா என்ற பெரிய, ரோமம் நிறைந்த சிலந்திகளின் குடும்பத்தில் பெண் சிலந்திகள் முதிர்ந்த பிறகும் தோலுரிக்கும், விந்துப் பையின் உறையும் தோலோடு வரும். அந்தத் தோலைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் வடிவம் தெளிவாகத் தெரியும். அந்தக் குடும்பத்தில் பெண்ணை உயிரோடு விட்டு, தோலையும் தானாக இறந்த ஆணையும் வைத்து வேலை செய்ய முடியும், செய்யவும் வேண்டும். வலை பின்னும் சிலந்திகளில் பெரும்பாலானவை முதிர்ந்த பிறகு உரிப்பதே இல்லை. கடைசியாக உரிக்கும் தோல் குஞ்சுப் பருவத்துத் தோல், அதில் எபிஜைன் இருக்காது.

கோத்தகிரி நண்பருக்கு: ஓர் ஆண், ஒரு பெண், முடிந்தால் இன்னும் ஓரிரண்டு. அதற்கு மேல் அள்ளுபவர்களை நானும் கண்டிப்பேன். ஆனால் பெயர் இல்லாத உயிருக்காக எந்தக் காட்டையும் யாரும் காப்பாற்றப் போவதில்லை. அறிக்கையில் எழுதக்கூட அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

கம்பம்: படம் பாருங்கள். புதிய இனமா? விஷமா?

முதல் கேள்விக்கு மேலே மூன்று முறை பதில் சொல்லிவிட்டேன். இரண்டாவதற்கு: கிட்டத்தட்ட எல்லாச் சிலந்திக்கும் விஷம் உண்டு, மனிதருக்கு ஆபத்தானவை மிகச் சில. இனி இந்த இரண்டு கேள்விகளுக்கும் பதில் எழுத மாட்டேன்.

தேனி: புதிய இனத்துக்கு என் அம்மா பெயரை வைக்கலாமா?

தாராளமாக. பெண் பெயரானால் கடைசியில் -ஏ (ae), ஆணானால் -ஐ (i) என்று லத்தீன் விகுதி சேரும். சொந்தப் பெயரை வைத்துக்கொள்வது மரபு இல்லை. இடத்தின் பெயரும் வைக்கலாம். 2004-இல் ராமேஸ்வரத்திலிருந்து விவரிக்கப்பட்ட பொயசிலோதீரியா ஹனுமவிலாசுமிகா அங்கிருக்கும் கோயிலின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

கிளிநொச்சி: அக்கா, எங்கட மாங்குளத்துச் சிலந்தியைப் பற்றிச் சொல்லுங்கோ.

பொயசிலோதீரியா ராஜே (rajaei). 2009-இல், போர் ஓய்ந்த சில மாதங்களில், ஊர்க்காரர்கள் ஓர் ஆண் சிலந்தியைச் செத்த நிலையில் ஆய்வாளர்களிடம் கொடுத்தார்கள். அந்த உடலைப் பார்த்துத்தான் பெண்ணையும் குஞ்சுகளையும் தேடப் போனார்கள். கண்ணிவெடியும் காவல் அரண்களும் இருந்த பகுதியில் அவர்களுக்கு வழிகாட்டிய காவல்துறை ஆய்வாளர் மைக்கேல் ராஜகுமார் பூராஜாவின் பெயரைத்தான் சிலந்தி தாங்குகிறது. கால் விரித்தால் ஏறக்குறைய 20 செ.மீ. வரும். காலின் அடிப்பக்கக் கோலத்தை வைத்துத்தான் இந்தப் பேரினத்து இனங்களை முதலில் பிரிப்போம். கட்டுரை வெளிவர 2012 டிசம்பர் ஆனது. மூன்று ஆண்டு என்பது இந்த வேலையில் சாதாரணம்.

முதிர்ந்த மரங்களின் பொந்தில் வாழும் சிலந்தி அது. மரம் குறைந்ததால் மாங்குளம் மருத்துவமனையின் பழைய டாக்டர் விடுதியிலும் இருந்தது. உங்கள் பக்கத்தில் பொந்து விழுந்த பெரிய மரத்தை வெட்டப் பார்த்தால், வெட்டுவதற்கு முன் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கோவை மாணவி: கடைசியாக ஒன்று அக்கா. எங்களுக்கு உண்மையிலேயே புதிய இனம் கிடைத்தால் மாதிரியைக் கல்லூரியிலேயே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவுப்படி, புதிய இனம் என்றால் அரசு அறிவித்த களஞ்சியத்துக்குத் தகவல் கொடுத்து மாதிரியை அங்கே ஒப்படைக்க வேண்டும். கொல்கத்தாவில் இருக்கும் இந்திய விலங்கியல் ஆய்வகம் அப்படிப்பட்ட களஞ்சியம். பதிவு எண் வாங்கி அதைக் கட்டுரையில் எழுதுங்கள். மின்னிதழில் வெளியிட்டால், விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் கட்டுரையை முன்கூட்டியே பதியாமல் அந்தப் பெயர் செல்லாது. வனத்துறை அனுமதிக் கடிதத்தின் நகலையும் குப்பிகளோடு அனுப்பிவிடுங்கள்.