பாக்கெட் ரிவால்வர்: எடை குறைந்ததையே வாங்கலாமா?

கேள்வி: ஹூஸ்டன் பக்கம் இருக்கிறேன், க்ரீன் கார்டு உண்டு. தற்காப்புக்காகப் பேன்ட் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளச் சின்ன ரிவால்வர் ஒன்று வாங்க வேண்டும். கடையில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி காட்டினார்கள். .357 மேக்னம் என்ற பலமான தோட்டா போடுவது, ஆனால் கையில் எடையே தெரியவில்லை. நண்பர்களில் ஒருவர் அதே கம்பெனியின் 642 என்கிறார், இன்னொருவர் ரூகர் எல்சிஆர் என்கிறார். எதை வாங்குவது? வீட்டில் ஆறு வயதுப் பையன் இருக்கிறான்.

பதில்: 340பிடி வேண்டாம். மேக்னத்தைவிட மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டா வகையில் 642 அல்லது எல்சிஆர் வாங்குங்கள்.

340பிடியின் எடை 330 கிராம் சொச்சம்தான். துப்பாக்கியின் எடை குறையக் குறைய உதைப்பு கூடும். அந்த எடையில் .357 தோட்டாவைச் சுட்டால், ஐந்து சுடுவதற்குள் உள்ளங்கை காந்தும். அதற்குப் பிறகு யாரும் பயிற்சிக்குப் போவதில்லை, பயிற்சி இல்லாதவர் கையில் எந்தத் துப்பாக்கியும் ஆபத்துதான். தாங்கிக்கொண்டாலும் பெரிய லாபமில்லை. இரண்டு அங்குலம்கூட இல்லாத குழலில் மேக்னம் வெடிமருந்து முழுதாக எரிவதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. மிச்சம் வாய்ப்பக்கம் நெருப்பாகவும் காதைக் கிழிக்கும் சத்தமாகவும் போய்விடும்.

இன்னொரு சிக்கலைக் கடையில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். மிக இலகுவான ரிவால்வர் வேகமாகப் பின்னால் உதைக்கும்போது, இன்னும் சுடாத தோட்டாக்களின் குண்டுகள் கூட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரும். ஒன்று சிலிண்டரின் (தோட்டா நிரப்பும் சுழல் உருளையின்) முகப்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுற்றாது. அந்த இடத்தில் நின்று சரிசெய்யவும் முடியாது. .38-லும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் தோட்டாவை ரேஞ்சில் (சுடும் பயிற்சிக் களத்தில்) ஒருமுறை சோதியுங்கள். ஐந்து போட்டு நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை வெளியே எடுத்து, பெட்டியிலிருந்து ஒரு புதுத் தோட்டாவின் பக்கத்தில் நிறுத்துங்கள். குண்டு துளி நீண்டிருந்தாலும் அந்த வகை வேண்டாம்.

642, எல்சிஆர் இரண்டுமே ஐந்து தோட்டா. இரண்டிலும் தோட்டாவை அடிக்கும் சுத்தி உள்ளே மறைந்திருக்கும், அதனால் எடுக்கும்போது துணியில் மாட்டாது. எடை 642-க்கு 410 கிராம், .38 எல்சிஆருக்கு 385 கிராம் அளவில். வித்தியாசம் விசையில்தான் (ட்ரிக்கரில்தான்). 642-இன் விசை கனமானது, சுமார் ஐந்தரை கிலோ அழுத்தம் கேட்கும். எல்சிஆர் அதைவிட ஒரு கிலோவாவது குறைவு, இழுக்கும் முழுத் தூரமும் வழுவழுவென்று வரும். விரல் பலம் குறைந்தவர்களுக்கு நான் எல்சிஆரைத்தான் சொல்வேன். 642-இன் கைப்பிடி குட்டையானது, சுண்டுவிரல் பிடிமானமில்லாமல் தொங்கும். ஆனால் அதனாலேயே பாக்கெட்டில் எளிதாக மறையும். எல்சிஆரின் ரப்பர் பிடி கைக்கு இதம், எடுக்கும்போது மட்டும் துணியில் ஒட்டி இழுக்கும்.

கடைக்காரரிடம் கேட்டுவிட்டு, காலித் துப்பாக்கியின் விசையை மிக மெதுவாக இழுத்துப் பாருங்கள். சிலிண்டரின் ஒவ்வொரு தோட்டா அறையிலும் சுத்தி விழுவதற்கு முன்பே சிலிண்டர் 'க்ளிக்'கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். சுட்டதும் விரலை முழுக்க முன்னால் விட்டு, விசை திரும்பி நிற்பதைக் கவனியுங்கள். அவசரத்தில் பாதியிலேயே திரும்ப இழுப்பவர்கள்தான் 'துப்பாக்கி வேலை செய்யவில்லை' என்று சொல்பவர்களில் பலர்.

தோட்டாவுக்கு வருவோம். குட்டைக் குழலில் குண்டின் வேகம் குறைவு, அதனால் பட்டதும் விரிய வேண்டிய, மூக்கில் குழியுள்ள ஹாலோ பாயிண்ட் குண்டுகள் பல விரியாமலே போகும். ஸ்பீர் கோல்ட் டாட் 135 கிரெய்ன் +பி, குட்டைக் குழலுக்கென்றே செய்தது (கிரெய்ன் என்பது குண்டின் எடை அளவு, +பி என்றால் வழக்கத்தைவிட அழுத்தம் கூடிய தோட்டா). அதன் உதைப்பு அதிகம் என்று பட்டால் 148 கிரெய்ன் வாட்கட்டர் போடுங்கள். தட்டை மூக்கு, மென்மையான உதைப்பு, போதுமான ஆழம் போகும். அதன் ஒரே குறை, அந்தத் தட்டை மூக்கை அவசரத்தில் சிலிண்டருக்குள் நுழைப்பது கஷ்டம். ஸ்பீட் ஸ்ட்ரிப்பில் (தோட்டாக்களை வரிசையாகப் பிடித்திருக்கும் பட்டையில்) மாற்றாக வைத்திருப்பதை மட்டும் கூர் மூக்குள்ள தோட்டாவாக வைத்துக்கொள்ளலாம்.

காலிக் கூடுகளை வெளியேற்றும்போது குழல் வானம் பார்க்கட்டும். கூடுகளை வெளியே தள்ளும் எஜெக்டர் தண்டை உள்ளங்கையால் ஒரே அடி, பலமாக. தண்டு குட்டை என்பதால் மெதுவாகத் தள்ளினால் கூடு பாதியில் நிற்கும். குழல் கீழே சாய்ந்திருந்தால் ஒரு கூடு எஜெக்டர் நட்சத்திரத்தின் (கூடுகளின் விளிம்பைப் பிடித்துத் தள்ளும் நட்சத்திர வடிவத் தகட்டின்) அடியில் சறுக்கி மாட்டிக்கொள்ளும், எரியாத மருந்துத் துகளும் அங்கேயே போய் உட்காரும். மணல்போல் அது சேர்ந்தால் சிலிண்டர் மூடவே அடம்பிடிக்கும். ரேஞ்சிலிருந்து வந்ததும் பழைய பல் பிரஷ்ஷால் நட்சத்திரத்தின் அடியைத் துடையுங்கள்.

பாக்கெட்டில் வெறுமனே போடாதீர்கள். விசையை முழுக்க மூடும் பாக்கெட் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். அந்தப் பாக்கெட்டில் சாவி, சில்லறை, கர்ச்சீப் எதுவும் கூடாது. பாக்கெட் பஞ்சு உள்ளே சேரும், வாரம் ஒருமுறை தோட்டாக்களை இறக்கிவிட்டுத் துடைக்கவும். நாள் முழுக்கக் கார் ஓட்டுபவர் என்றால் யோசியுங்கள்: சீட் பெல்ட்டோடு உட்கார்ந்தபடி முன்பாக்கெட்டிலிருந்து எடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். அவர்களுக்கு இடுப்பு ஹோல்ஸ்டரே மேல்.

பயிற்சி மாதம் 50 தோட்டா போதும், முதலில் 3 மீட்டர், பிறகு 7 மீட்டர். வீட்டில் காலியாக விசை இழுத்துப் பழகும்போது தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். சிலிண்டரின் ஐந்து தோட்டா அறைகளையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிவிட்டுத் தொடங்குங்கள்.

சட்டம். க்ரீன் கார்டு இருப்பவர் வாங்கலாம். எச்-1பி, எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி கையில் இருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அதில் அடங்கும், விசாவில் இருக்கும் உறவினரை விளையாட்டாகக்கூட அழைத்துப் போய்விடாதீர்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், தகுதியுள்ள 21 வயது நிரம்பியவர் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். இருந்தாலும் லைசென்ஸ் வகுப்புக்குப் போங்கள், எங்கே கொண்டுபோகக் கூடாது என்பது அங்கே தெளிவாகும். பள்ளிக்கூடம், தபால் நிலையம், வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவிலிருந்து வருவதைக் காட்டும் 51 சதவீதப் பலகை மாட்டிய பார் இவற்றுக்குள் கூடாது.

பையனுக்காக: உங்கள் அலட்சியத்தால் 17 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கையில் தோட்டா நிரப்பிய துப்பாக்கி கிடைத்துவிட்டால் அது டெக்சாஸில் குற்றம். அலமாரி உச்சியும் தலையணை அடியும் ஆறு வயதுக்கு எட்டாத இடங்கள் அல்ல. பொத்தான் எண் போட்டுத் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி வாங்கி, மரத்தில் திருகாணி போட்டுப் பொருத்துங்கள். ரிவால்வர் உங்கள் உடம்பில் இல்லாத நேரமெல்லாம் அதற்குள்தான் இருக்க வேண்டும். உள்ளே வைக்கும்போது ஹோல்ஸ்டரோடு சேர்த்தே வையுங்கள், கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் விரல் விசைக்குப் பக்கத்தில் போகிறது.